ஆணியில இன்னும் ஒண்டும் மாட்டேல்ல

தம்பி,

சுகமா இருக்கிறன் எண்டு எழுதினா நீ நம்பமாட்டாய். ஆனபடியா வலது முழங்கால் நோகுது, மற்றதெல்லாம் பரவாயில்லை எண்டு தொடங்கிறன். இஞ்ச மெல்பேர்னில, ட்ருகனினாவில வழக்கம்போல காத்து. நீ போனாப்பிறகு பின்பக்க வேலி ரெண்டு தரம் சரிஞ்சு போச்சுது, ரெண்டு தரமும் நானே கல்லு வைச்சு முட்டுக் குடுத்தனான். நான் நாலாம் வகுப்போட நிண்டவள், பிழை பாக்காத, வாயில வாறதைத்தான் எழுதிறன். ரெலிபோனில சொல்லலாம்தான். ஆனா எமிலின்ர பேரை எடுத்தவுடன நீ "அம்மா, லேட்டர்" எண்டு வைச்சுப்போடுறாய். கடிதத்தை அப்பிடி வைக்கேலாது. வைச்சாலும் மேசையில கிடந்து உன்னைப் பாக்கும். இதில ஒரு பிரதியைச் சங்கத்து மலருக்கும் குடுக்கப்போறன். தலைவர் அண்ணையும் வாசிக்கட்டும். எங்களைத் தெரியாத ஆக்களும் வாசிப்பினம், அதால உனக்குத் தெரிஞ்ச கதையையும் நான் முதலிலயிருந்து சொல்லத்தான் வேணும். பொறுத்துக்கொள்.

நீ ரோஸ்லினை முதல்முதல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாள், நான் குசினியில நண்டு உடைச்சுக்கொண்டு நிண்டனான். கிளேட்டனில கம்பஸ் படிக்கிற பிள்ளை, ஹெயிட்டி எண்ட நாடு எண்டு சொன்னாய். நான் அந்த நாட்டைக் கேள்விப்பட்டதே இல்லை. கை முழுக்க நண்டு, கும்பிடவும் ஏலாது, கட்டிப்பிடிக்கவும் ஏலாது. அந்தப் பிள்ளை ஒண்டும் கதைக்காம சட்டைக் கையை மடிச்சுப்போட்டு எனக்குப் பக்கத்தில நிண்டு நண்டு உடைக்கத் தொடங்கிச்சுது. கால் எப்பிடிக் கழட்டிறது எண்டு ஆரும் காட்டத் தேவையில்லாமல் போச்சு. சோத்தோட சாப்பிடேக்க எங்கட தூளைவிட அவையின்ர மிளகாய் உறைப்பெண்டு சொல்லிச்சுது. நான் அதை நம்பேல்ல. அடுத்தமுறை ஒரு சின்னப் போத்தல் கொண்டு வந்தவள். பிறகு நம்பினனான். மூக்கால தண்ணி ஓடினது, நீ பாத்துச் சிரிச்சாய்.

எமில் அவளின்ர தமையன். தாய் தேப்பன் இல்லாத வீட்டில அவன்தான் அவளை வளத்துப் படிப்பிச்சவன். அவன்ர வேலை எண்ணெய்ப் பரல் வெட்டிறது. பழைய இரும்புப் பரலை ரெண்டு பக்கமும் மூடி கழட்டி, உள்ளுக்கு வாழைச்சருகு போட்டு எரிச்சு, பெயின்ற் எல்லாம் போனாப்பிறகு பிளந்து, ஏறி நிண்டு மிதிச்சுச் சுத்தியலால தட்டித் தட்டித் தகடாக்கிறது. பிறகு சோக்கட்டியால கீறி உளியால வெட்டிறது. மரம், மீன், மீன்வால் வைச்ச பெம்பிளை, குருவி, எல்லாம் வரும். நீ போனில படம் காட்டேக்க எனக்கு வாயில வந்தது என்ன எண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆரடா நல்ல தகரத்தை இப்பிடிப் பழுதாக்கிறது" எண்டு கேட்டனான். ரோஸ்லின் அதை அப்பிடியே அவன்ர பாசையில சொல்லிப்போட்டாள். அவன் அங்கயிருந்து சிரிச்ச சிரிப்பில போன் நடுங்கினது. அண்டையிலயிருந்து என்னை மம்மா எண்டுதான் கூப்பிட்டவன்.

தகரம் எண்டா எனக்கு ஏன் அவ்வளவு கரிசனை எண்டு அவனுக்குச் சொல்லவேண்டி வந்துது. சண்டைக்குள்ள நாங்கள் வன்னியில வீட்டை விட்டு வெளிக்கிடேக்க உன்ர அப்பா முதல் கழட்டினது கூரையைத்தான். கட்டில் கிடந்தது, கதிரை கிடந்தது, என்ர தையல் மிசின் கிடந்தது. அதெல்லாத்தையும் விட்டுப்போட்டு தகரத்தை ட்ரக்டர்ப் பெட்டியில அடுக்கி, அதுக்கு மேல உன்னையும் என்னையும் இருத்தினவர். வெயிலில அது சுடும், நீ அழுவாய், நான் ஈரச்சாக்கை மடிச்சுப் போட்டு உன்னை வைச்சிருந்தனான். ஒவ்வொரு இடத்திலயும் நாலு தடி நட்டு அதே தகரத்தைத்தான் மேல போட்டது. போகப்போக அதில ஓட்டை. செல்லுத் துண்டு பட்ட ஓட்டை, பெரிசு, சின்னன், நீட்டு, எல்லாம். மழைக்குச் சவுக்காரத்தை உருட்டி அடைப்பன். வெயிலுக்கு அது உருகி விழுந்திடும். அப்ப வெளிச்சம் ஓட்டையால இறங்கி நிலத்தில பொட்டுப் பொட்டா நிக்கும். நீ அதை நுள்ளி எடுக்கப் பாப்பாய். எடுக்கேலாது எண்டு கண்டிட்டு ஒருநாள் தேத்தண்ணிக் கிண்ணத்தைக் கவிட்டு ஒரு பொட்டை மூடி வைச்சாய், ஓடிப்போகாமல் இருக்க. அது கிண்ணத்துக்கு மேல வந்து நிண்டுது. அதைப் பாத்து நீ குளறின குளறலில அப்பா பங்கருக்குள்ளயிருந்து எழும்பி வந்தவர், என்ன நடந்ததோ எண்டு. அவர் எங்களோட கடைசிவரைக்கும் வரேல்ல. அந்தத் தகரமும் வரேல்ல.

இதை எமிலுக்குச் சொன்னனான். நான் ஒரு வசனம் சொல்ல, நீ இங்கிலீசில சொல்ல, ரோஸ்லின் அவனுக்குச் சொன்னவள். கடைசியா அவன் ஒரு கேள்வி கேட்டான். ஓட்டையை என்னத்தால அடைச்சனீங்கள் எண்டு. சவுக்காரம் எண்டன். அவன் அங்க தார் எண்டான். தார் காலத்துக்கும் நிக்கும் மம்மா, சவுக்காரம் ஆரும் வைப்பினமோ எண்டு என்னைப் பகிடி பண்ணினவன். தார் கிடைச்சா நான் ஏன் சவுக்காரத்துக்குப் போறன் எண்டு நானும் ஏறினனான். நடுவில நிண்டு சொல்லிச் சொல்லி உங்கள் ரெண்டு பேருக்கும் தொண்டை வத்திப்போச்சு. அப்பத்தான் அவன் சொன்னவன், கலியாணத்துக்கு மம்மாவுக்கெண்டு ஒண்டு வெட்டித்தாறன், சுவரில இடம் பாத்து வையுங்கோ எண்டு. அடுத்தநாளே நான் முன்னறையில ஆணி அடிச்சனான். வாடகை வீடு, ஏஜன்ற் பேசும் எண்டு நீ சொல்லச் சொல்லக் கேக்காமல்.

கலியாணத்துக்கு வர அவனுக்கு விசா குடுக்கேல்ல. திரும்பிப் போகமாட்டார் எண்டு எழுதியிருந்தினமாம். ரோஸ்லின் அண்டைக்கு முழுக்க எங்கட கராஜுக்குள்ள இருந்தவள். நீதான் அப்ப சொன்னாய், ஆள் வரேல்லாட்டி வேலை வரட்டும், குரல் வரட்டும், அங்க இருக்கிற ஒரு கலைஞனும் இஞ்ச இருக்கிற எங்கட சனமும் நேருக்கு நேர் கதைக்கட்டும், பிறகு மற்றக் கலைஞர்களும் வருவினம் எண்டு. மெல்பேர்னில இருக்கிற ஹெயிட்டி ஆக்களைச் சேத்தா ரெண்டு கார் நிரம்பாது. ஆனபடியா எங்கட சனத்தைத்தான் கேக்கவேண்டி வந்துது. ரோஸ்லின்ர சிநேகிதி அமெரிக்காவுக்குப் போட்டு வரேக்க சூட்கேசில அவன்ர தகடுகளைக் கொண்டு வந்தது. மண்டபத்துக்குத் தலைவர் அண்ணையிட்டப் போனம்.

"ஹெயிட்டி எண்டா எங்க தங்கச்சி, ஆபிரிக்காவோ?" எண்டு கேட்டார்.

"இல்லை அண்ணை, கடலுக்கு நடுவில ஒரு தீவு. தீவில பாதி."

"மற்றப் பாதி?"

"அதில வேற பாசை கதைக்கிற ஆக்களாம்."

அவர் கொஞ்சநேரம் தாடியைச் சொறிஞ்சார். "அப்ப விளங்குது" எண்டார். மண்டபம் சும்மா தாறன் எண்டார். ஒரு சொல்லுத்தான் வைச்சார்: சங்கத்து நிகழ்ச்சி எண்டா சங்கத்து முறைப்படி நடக்கவேணும். நீ ஓம் எண்டு தலையாட்டினாய். நானும்தான். முறை எண்டா என்ன எண்டு எங்களுக்குத் தெரியாததே? விளக்கேத்தல், வரவேற்பு நடனம், ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை. ஆரையும் விடேலாது, விட்டா அடுத்த வருசம் முகம் பாக்காயினம்.

எமில் கேட்டது ஒண்டே ஒண்டு. அவன்ர வீட்டில கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. வேற தெருவில ஒரு சிநேகிதன்ர மொட்டை மாடிக்குப் போகவேணும். இருட்டினாப்பிறகு அந்தத் தெருவால நடக்கேலாது, துவக்குக்காரர் நிப்பினம், கண்டா சுடுவினம். ஆனபடியா வெளிச்சம் இருக்கேக்க கதைச்சு முடிச்சு, வெளிச்சம் இருக்கேக்க வீட்டுக்குப் போகவேணும். நீ கணக்குப் பாத்து இஞ்ச ஞாயிற்றுக்கிழமை காலமை ஒம்பது மணி வைச்சாய். அங்க அது முதல்நாள் பின்னேரம். எங்கட சனம் சிரிச்சுது. "ஒம்பதுக்கோ, திருவெம்பாவையோ நடக்குது" எண்டு கிரான்பர்னிலயிருந்து வந்த மனிசி கேட்டது. ஒம்பது எண்டு போட்டா பத்துக்குத்தான் வருவினம் எண்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனா எமிலுக்குத் தெரியாது. அவன் எங்கட ஒம்பதை ஒம்பது எண்டே நம்பி மாடியில ஏறி நிண்டவன்.

அண்டைக்கு நடந்ததை நீ என்னோட கதைக்கிறேல்ல, நான் சொல்லுறன். மேடையில பெரிய திரை. அதில எமில், வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, பின்னால வானம் மஞ்சளா. கையில துணி சுத்தின ஒரு பெரிய தகடு. சனம் வரேல்ல எண்டு தலைவர் அண்ணை அவனை இருத்தி வைச்சார். பிறகு விளக்கு. விளக்கேத்த ஏழெட்டுப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டினம், ஒரு ஆள் கார் விட இடம் தேடிக்கொண்டிருந்தார், அவர் வரும்வரைக்கும் திரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டினம். பிறகு பிள்ளையள் ஆடினதுகள். எமில் அங்கயிருந்து கைதட்டினவன். பிறகு பேச்சு. பேசின எல்லாரும் எமிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எமிலைப் பற்றித்தான் பேசினவை. அவன்ர நாட்டுச் சனத்தின்ர கண்ணீர், எங்கட கண்ணீர், ரெண்டும் ஒரே உப்பு எண்டு ஒராள் சொல்ல நல்லாக் கைதட்டு விழுந்துது. அவையின்ர தலைக்குப் பின்னால வானம் மஞ்சளிலயிருந்து சிவப்பாப் போச்சு. பிறகு நாவல்பழ நிறம். நான் பாத்துக்கொண்டிருந்தனான். சபையில இருந்த ஆருக்கும் அது தெரியாமல் இல்லை, அவ்வளவு பெரிய திரை. எல்லாரும் அதை ஒரு வடிவான படம் மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தம்.

நீ மேடைக்குக் கீழ நிண்டு கையால சைகை காட்டினாய். தலைவர் அண்ணை உன்னைப் பாத்துத் தலையாட்டிப்போட்டு, "இப்ப எங்கட மாப்பிள்ளை அவசரப்படுறார், கலியாணத்துக்கு முதலே" எண்டார். சனம் சிரிச்சுது. பிறகு பொன்னாடை. தட்டத்தை ஏந்திக்கொண்டு மேடை ஏறினது நான்தான், தம்பி. பட்டுச் சீலை உடுத்து, என்ர பிள்ளையின்ர நிகழ்ச்சியில எனக்கும் ஒரு அலுவல் எண்டு பெருமையா. எமிலுக்கும் ஒண்டு போர்த்தவேணும் எண்டு அண்ணைக்கு அந்த நேரம் யோசினை வந்துது. ஆள் இல்லையே எண்டு ஒராள் கேக்க, ரோஸ்லினுக்குப் போர்த்துவம், தமையன் சார்பில எண்டினம். அவளுக்கு இடது பக்கத்தால போர்த்திறதோ வலது பக்கத்தால போர்த்திறதோ எண்டு ஒரு கதை. படம் எடுக்கிற பெடியன் இன்னொருக்காப் போர்த்தச் சொன்னான். போர்த்தினம். ரோஸ்லின் பச்சைப் பட்டைப் போட்டுக்கொண்டு தமையனைத் திரும்பிப் பாத்தாள். திரையில ஆள் இல்லை, கறுப்புத்தான். நிழல் மாதிரி ஒண்டு அசைஞ்சுது.

மைக் அவனுக்கு வரேக்க, அவன் மெல்லமாச் சொன்னது ஒரு வரி. நான் இப்ப போகவேணும், இதை மட்டும் பாருங்கோ. அவ்வளவுதான். துணியை அவிட்டுத் தகட்டைத் தூக்கிப் பிடிச்சான். இருட்டில ஒண்டும் தெரியேல்ல. மற்றக் கையால ஒரு ரோச் லைற்றைத் தகட்டுக்குப் பின்னால பிடிச்சான். அப்ப ஓட்டையள் தெரிஞ்சுது. பெரிசு, சின்னன், நீட்டு. திரை முழுக்கப் பொட்டுப் பொட்டா வெளிச்சம். ஒரு மூச்சு நேரம். பிறகு பற்றறி செத்துதோ, சிக்னல் போச்சுதோ, திரை நீலமாப் போச்சு. சபை கைதட்டிச்சுது. "அற்புதமான லைற் எபெக்ற்" எண்டு தலைவர் அண்ணை மைக்கில சொன்னார். பிறகு நன்றியுரை, பிறகு றோல்சும் தேத்தண்ணியும்.

அண்டைக்கு அவன் வீடு போய்ச் சேர்ந்தவன், ஒண்டும் ஆகாமல். அதை நான் ஒவ்வொரு நாளும் கடவுளுக்குச் சொல்லுறனான். ஆனா ரெண்டு கிழமையால அவையின்ர தெருவுக்கே துவக்குக்காரர் வந்திட்டினம். உளி, சுத்தியல், வெட்டி வைச்சது, வெட்டாதது, எல்லாத்தையும் விட்டுப்போட்டு உடுத்த உடுப்போட வடக்கில ஒரு பட்டினத்துக்குப் போட்டான். ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில படுக்கிறானாம். ரோஸ்லின் போன் அடிச்சாலும் அவன் எடுக்கிறேல்ல. பெருவிரல் படம் ஒண்டு மட்டும் அனுப்புவான், உயிரோட இருக்கிறன் எண்டு. நான் அனுப்பிற குரல் ஒண்டுக்கும் பதில் இல்லை. நீங்கள் கலியாணத்தை ரெஜிஸ்றர் பண்ணின அண்டைக்கும் அந்தப் பெருவிரல்தான் வந்துது. ரோஸ்லின் அதைப் பாத்துக்கொண்டு சட்டைக் கொலரைச் சரிசெய்து சரிசெய்து நிண்டவள்.

நீயும் ரோஸ்லினும் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வெளிக்கிடேக்க நீ எயார்போட்டில சொன்னதைத்தான் எனக்கு மறக்கேலாமல் கிடக்கு. நான் தூள் பாக்கெற்றைத் திரும்பத் திரும்ப நிறுத்துக்கொண்டிருந்தனான். "அம்மா, இனி இந்த விசர் வேலை எனக்கு வேண்டாம், கலை கிலை எண்டு ஆரையும் ஆரோடயும் சேக்கப் போறேல்ல, வேலைக்குப் போய்ச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு இருக்கப்போறன்" எண்டாய். நான் பாக்கெற்றை இன்னொருக்காத் தராசில வைச்சனான். அதுக்கு இப்ப சொல்லுறன். நீ விட்டா அந்தப் பெடியனோட கதைக்க வேற ஆள் இல்லை. ரோஸ்லின் தங்கச்சி, அவளுக்கு அவன் தன்ர துக்கத்தைக் காட்டமாட்டான். உங்க மொன்றியலில அவன்ர சனம் கனக்க இருக்கினம் எண்டு சொன்னாய். அவையும் எங்களைப்போலத்தான் இருப்பினம், நீ பார். ஒருக்கா அவன் என்னட்டச் சொன்னவன், வெளியில இருக்கிற தன்ர ஆக்கள் போன் எடுத்தா வால் வைச்ச பெம்பிளைதான் கேப்பினமாம், தாங்கள் சின்னனில சுவரில பாத்தது. வெள்ளைக்காரர் எடுத்தா பூமி நடுங்கினதை வெட்டித்தா எண்டு கேப்பினமாம். அவனுக்கு வெட்ட ஆசை என்ன தெரியுமோ? பக்கத்து வீட்டு ஜெனரேற்றர். அதில ஊர்ச் சனமெல்லாம் வயர் கொழுவி வாலு வாலாத் தொங்கிக்கொண்டு நிக்குமாம், அதைவிட வடிவான மரம் உலகத்தில இல்லை எண்டான். இஞ்சயும் அப்பிடித்தானே. போன வருசம் ஊரிலயிருந்து நாடகம் போட வந்த பிள்ளை, பஸ்ஸில வேலைக்குப் போற பெம்பிளையளின்ர கதை ஒண்டு வைச்சிருந்தது. அதை வேண்டாம் எண்டு பழசையே போடுவிச்சு, பொன்னாடை போர்த்தி அனுப்பினம். எங்கட வீட்டில தானே நிண்டது. குசினியில நிண்டு அந்தப் புதுக்கதையை எனக்கு மட்டும் நடிச்சுக் காட்டிச்சுது, தோசைக்கரண்டியை பஸ் கம்பியாப் பிடிச்சுக்கொண்டு. நான் விழுந்து விழுந்து சிரிச்சனான், பிறகு அழுதனான். மண்டபத்தில இருந்த ஒருத்தரும் அதைப் பாக்கேல்ல.

இப்ப நான் உனக்குச் சொல்ல வந்தது. அண்டைக்கு அந்தப் பொட்டு வெளிச்சத்தைப் பாத்தவுடன நான் நினைச்சது ஒண்டுதான். எங்கட கூரை. நான் சொன்ன கதையை அவன் வெட்டியிருக்கிறான் எண்டு. வாற போற எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான், எமில் எனக்கெண்டு எங்கட கூரையை வெட்டினவன் எண்டு. சொல்லச் சொல்ல எனக்கே அது பிடிச்சுப்போச்சு. போன கிழமை சுவத்தைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க யோசிச்சன். அவனுக்கும் ஒரு கூரை இருந்திருக்கும் தானே. அதிலயும் ஓட்டை விழுந்திருக்கும் தானே, இல்லாட்டி தார் வைக்கிற கதை அவனுக்கு எங்கயிருந்து வந்தது. ஒருவேளை அது கூரையே இல்லையோ. அந்த மாடியிலயிருந்து பாத்தா தெரியிற ஊர் லைற்றோ, வேற என்னமோ. அவன் சொல்ல வாயெடுக்க முதல், மேடையில நிண்டவை எல்லாரும் அவன்ர கதையை எங்கட கண்ணீர் எண்டினம். நான் எங்கட கூரை எண்டன். எனக்கும் அவைக்கும் என்ன வித்தியாசம்? நானும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிண்டிருக்கிறன்.

ஆனபடியா நீ அவனுக்கு எடு. எடுக்காட்டித் திரும்ப எடு. அவனை ஒண்டும் செய்யச் சொல்லாத, ஒரு நிகழ்ச்சியும் வைக்காத, எப்பிடி இருக்கிறாய் எண்டும் கேளாத, அதுக்குத்தான் அவன் பெருவிரல் வைச்சிருக்கிறான். அண்டைக்குக் கையில வைச்சிருந்தது என்ன எண்டு மட்டும் கேள். கேட்டுப்போட்டு வாயை மூடிக்கொண்டு இரு. கூரை எண்டு நீ எடுத்துக் குடுக்காத, ரோஸ்லினையும் குடுக்க விடாத. அவன் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்திரு. அவன் அதைச் சொல்லத் தொடங்கினா, அங்க வெளிச்சம் இருக்கோ எண்டு முதல் பாத்துக்கொள்.

போன செவ்வாய் ஏஜன்ற் பிள்ளை வீடு பாக்க வந்தது. சுவரில ஆணியைக் கண்டிட்டுப் படம் எடுத்தது. கழட்டி ஓட்டையை அடைச்சுப் பெயின்ற் அடிக்கவேணுமாம். "வாட்ஸ் இற் ஃபோர்?" எண்டு கேட்டது. "எனக்குத் தெரியாது பிள்ளை, சொல்லிற ஆள் இன்னும் சொல்லேல்ல" எண்டன், தமிழிலதான். அது சிரிச்சுப்போட்டு எழுதிக்கொண்டு போட்டுது. நான் ஆணியைக் கழட்டேல்ல.

அம்மா